அரை அளவு கூட

ஜூன் கடைசியில் ஒருநாள் காலை பத்துக்கு வந்தாள் போகுமிலா.
சாயங்காலம் வாருங்கள் என்றேன்.
காலையில் பாதம் பொய் சொல்லும்.
நாளெல்லாம் நின்று வீங்கிய பிறகுதான்
தன் அளவை ஒத்துக்கொள்ளும்.
ரடோமில் இருபத்தாறு வருடமாகச் செருப்புக் கடை வைத்திருப்பவன்
இதைக்கூடச் சொல்லாவிட்டால் எப்படி?

ஆறு மணிக்குத் திரும்பி வந்தாள்,
பேக்கரிச் சீருடையோடு.
கணுக்காலில் மாவு.

இடது முப்பத்தொன்பது. வலது நாற்பது.
வலது கட்டைவிரல் பக்கத்து விரல்மேல்
பஸ்ஸில் தூங்குகிறவனைப்போலச் சாய்ந்திருந்தது.
சுண்டுவிரலில் நகமில்லை.
ஏன் என்று கேட்கவில்லை.
காலைப் பற்றிக் கேட்டால்
ஆட்கள் பிறந்ததிலிருந்து ஆரம்பிப்பார்கள்,
நான் ஏழுக்குக் கடை சாத்த வேண்டும்.

"முப்பத்தொன்பதே கொடுங்கள். இறுக்கமாக இருக்கட்டும்."

ஆகஸ்டில் நடக்கப்போகிறாளாம்
செஸ்டொஹோவாவுக்கு, மாதாவிடம், எட்டு நாள்.
வலித்தால்தான் வேண்டுதலுக்கு எடை என்றாள்.

நான் பூசைக்குப் போகிறவனில்லை.
ஆனாலும் சொன்னேன்:
அம்மணி, வலியை நான் விற்பதில்லை.
வழிநெடுக அது சும்மா கிடைக்கும்,
முதல் நாள் வெயிலில்,
மூன்றாம் நாள் மழையில்,
நனைந்த காலுறையின் தையலில்,
பட்டாணி அளவுகூட இல்லாத ஒரு கல்லில்.
காசு கொடுத்து
இங்கிருந்தே கட்டிக்கொண்டு போவானேன்?

அவள் சிரிக்கவில்லை.
நாற்பதரையை எடுத்துவந்து மாட்டினேன்.
குதிகாலுக்குப் பின்னால் என் சுண்டுவிரல் நுழைந்தது.
அந்தப் படியில் இறங்குங்கள் என்றேன்,
இறக்கத்தில்தான் விரல் முன்னால் போய் முட்டும்.
மூன்று தரம் இறங்கினாள், ஏறினாள்.
"வலிக்கவே இல்லையே" என்றாள்
பழுதான சாமானைத் திருப்பிக் கொடுக்கிற குரலில்.

ஒரு மாதம் போட்டுப் பழக்குங்கள்,
வேலைக்கு, கல்லறைக்கு, உருளைக்கிழங்கு வாங்க.
மெல்லிய காலுறை உள்ளே, கம்பளி வெளியே.
புது ஷூவோடு கிளம்புகிறவன்
மாதாவிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்:
இதைக் கழற்றட்டுமா?

ஆகஸ்டில் கடை வாசலில் நின்றேன்.
கம்பில் கட்டிய ஒலிபெருக்கி, கிதார், மஞ்சள் கழுத்துத்துணிகள்.
முகத்தை நான் பார்ப்பதில்லை, தொழில் அப்படி.
பாதிரியாருக்கு நல்ல தோல் சப்பாத்து.
பையன்களுக்குக் கேன்வாஸ், நாளைக்கே அழுவார்கள்.
ஒரு கன்னியாஸ்திரீ, யாரும் நம்பமாட்டீர்கள்,
ஓட்டப்பந்தய ஷூவில் ஆரஞ்சு கயிறு.
பிறகு ஆண்பிள்ளைச் செருப்பொன்று,
சாம்பல்நிறக் காலுறையில் இடறி இடறி.
நிமிர்ந்தால் போகுமிலா.
நான் விற்றது அவள் கழுத்தில்,
கயிற்றால் கோத்து,
ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு.

நானூற்று இருபது ஸ்லோட்டி!
அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

செப்டம்பரில் ஷூக்கயிறு வாங்க வந்தாள்.
காலிலிருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.
திருப்பிப் பார்த்தேன்:
குதியின் வெளிவிளிம்பு தேய்ந்திருந்தது,
பள்ளங்களில் நான் அறியாத ஊர்களின் செம்மண்.
நடந்திருக்கிறாள். இதில்தான் நடந்திருக்கிறாள்.

அப்போது அந்தச் செருப்பு?

"ஊர் எல்லைவரை அவனுடையது" என்றாள்.
எவனுடையது என்று சொல்லவில்லை.
கயிற்றின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்,
"ஆண்களுக்கு நாற்பத்து மூன்று இருக்கிறதா, திரு. லெஷெக்?
பத்தொன்பது வயதில் அந்த அளவு.
இப்போது எனக்குத் தெரியாது."

ஆள் வர வேண்டும் என்றேன்.
நேரில். சாயங்காலமாக.

வருவான் என்று அவள் சொல்லவில்லை.
கயிற்றுக்கு மட்டும் சில்லறை எண்ணி வைத்துவிட்டுப் போனாள்.

நாற்பத்து மூன்றில் ஒன்று,
எதற்கும் இருக்கட்டுமென்று நாற்பத்து நான்கில் ஒன்று,
கல்லாவுக்குக் கீழே இருக்கின்றன.
டிசம்பர் தள்ளுபடியிலும் வெளியே எடுக்கவில்லை.
மனைவி கணக்குக் கேட்டால்
விற்றாயிற்று என்கிறேன்.